ரேஸ் இறங்காத லாரி

லாரி பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே அதன் சத்தம் நுழைந்துவிட்டது. இதோ அணைந்துவிடும் என்று நினைக்கும் அளவுக்குத் தணிந்தது, திடீரென்று வீறிட்டது, மறுபடி முனகலுக்கு இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் சாய்ந்திருந்த மெக்கானிக், கண்ணைத் திறக்காமலே நோயைச் சொல்லிவிட்டான்.

"டீசல் லைன்ல ஏர் புகுந்திருக்கு."

சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவதால் டிரைவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'டாக்டர்'. அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கண்ணைத் திறந்த பிறகுதான் எந்த லாரி என்று தெரிந்தது. வெயிலில் வெளுத்த பச்சை பானெட். ஒரு பக்கம் நசுங்கி நிமிர்த்தப்பட்ட பின்கதவு. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தவள் அவனுடைய அக்கா.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், எழுந்து நின்று அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீயாக்கா ஓட்டிட்டு வந்தே?"

"லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம் ஆகுது. உங்கத்தான் விட்டுட்டுப் போன வண்டி, துருப்பிடிக்க விட மனசு வரலை. ஆனா நிக்கிற இடத்துலயே தானா ரேஸ் ஆகுது. மூணு பட்டறையில காட்டினேன். மூணு பேரும் கையை விரிச்சுட்டாங்க."

"என்கிட்ட ஏன்..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உங்கத்தான்தான் உன்கிட்ட கொண்டு போகச் சொன்னாரு" என்றாள் அக்கா, முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே.

எப்போது சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா. இந்தப் பட்டறைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அத்தான். அந்த அத்தான் நான்கு வருடத்துக்கு முன் இதே லாரியைக் கொண்டுவந்து, "மாப்ள, காலை எடுத்தாலும் ரேஸ் இறங்க மாட்டேங்குது" என்றார். ஆக்சிலேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் உடைந்திருந்தது. மாற்று ஸ்பிரிங் கைவசம் இல்லை. அவசர வேலை வேறு இரண்டு காத்துக் கிடந்தன. உடைந்த இரண்டு முனைகளையும் கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினான்.

மூன்றாம் நாள் சரக்குக் கிடங்கில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது ரேஸ் இறங்கவில்லை. சுவரோரம் நின்ற சுமைதூக்கும் தொழிலாளிக்கு இரண்டு கால்களும் போயின.

விபத்து விசாரணைக்காக வண்டியைப் பார்த்துச் சொல்ல அவனையேதான் அழைத்தார்கள். பானெட்டைத் திறந்தான். அவன் போட்ட முடிச்சு ஆக்சிலேட்டர் லிவரில் சிக்கிக்கொண்டு நின்றது. யாரும் பார்க்காத நேரத்தில் கம்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டான். புது ஸ்பிரிங்கை மாட்டினான். விசாரணையில், "வண்டியில குறை இல்லை. டிரைவர் பதட்டத்துல காலை அழுத்தியிருக்கார்" என்றான்.

அத்தானின் லைசென்ஸ் போயிற்று. ஊர் அவரைக் குடிகாரன் என்றது. அவர் குடித்ததே கிடையாது. ஒரு வருடத்துக்குள் ஆளும் போய்விட்டார்.

இப்போது அதே பானெட்டை அவன் திறந்தான். உள்ளிருந்து சூடான எண்ணெய் வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. கிராம்பு. பல்வலிக்காக அத்தான் எந்நேரமும் வாயில் ஒதுக்கிவைத்திருப்பார்.

கை தானாக வேலை செய்தது. ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்குக் கீழே முடிபோல ஒரு விரிசல். டேங்கிலிருந்து வரும் டீசலோடு அந்த வழியாகக் காற்றையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஹோஸை மாற்றினான். கைப்பம்பை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுத்தான். வண்டியைக் கிளப்பினான்.

எஞ்சின் ஒரே சீராக ஓடியது. தூங்கும் குழந்தையின் மூச்சுபோல.

"என்னடா குறை?" என்றாள் அக்கா.

"ஹோஸ்ல விரிசல். வேற ஒண்ணுமில்லைக்கா."

எஞ்சின் வீறிட்டது.

தகரக் கூரை அதிர்ந்தது. ஐந்து நொடி. பிறகு தானே தணிந்தது.

பெடலையும் டீசல் பம்பையும் இணைக்கும் லிங்க் ராடைப் பார்த்தான், பம்பின் லிவரைப் பார்த்தான். அன்று திருட்டுத்தனமாக மாட்டிய ஸ்பிரிங் பழுதில்லாமல் இருந்தது. அதைத் தொடும்போது காது மடல் சுட்டது.

"அன்னிக்கும் இதேதானே கேட்டாங்க?" அக்காவின் குரல் தணிந்திருந்தது. "குறை இருந்துச்சான்னு. நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னு..."

மறுபடி வீறிட்டது. இந்த முறை தணியப் பத்து நொடி ஆயிற்று.

பெடலில்தான் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பம்பிலிருந்து லிங்க் ராடைக் கழற்றிவிட்டால் பெடலுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இருக்காது. பின்னை உருவினான், ராடைக் கழற்றிக் கையில் பிடித்தான். எஞ்சின் அமைதியாக ஓடியது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது கையிலிருந்த ராடு நகர்ந்தது.

மெல்ல முன்னால். மெல்லப் பின்னால். கேபினில் உட்கார்ந்து யாரோ பெடலை மிதித்துப் பார்ப்பதுபோல.

"அக்கா, பெடல்லேர்ந்து காலை எடு" என்றான் தலையை நிமிர்த்தாமலே.

"நான் இங்கதானேடா நிக்கிறேன்."

குரல் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ராடு மறுபடி நகர்ந்தது.

அவன் அதை விட்டுவிட்டு, படியில் காலை வைத்து, கேபினுக்குள் எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. பெடல் தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. சீட்டு ரெக்ஸினில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் கொஞ்சம் புரண்டது. உட்கார்ந்திருந்தவர் அவன் பக்கம் திரும்பியதுபோல.

கிராம்பு வாடை முகத்தில் மோதியது. சூடாக. மூச்சாக.

அவன் படியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தான்.

எஞ்சின் அலற ஆரம்பித்தது. ராடு கழன்று தொங்கிக்கொண்டிருக்க, எதுவும் இழுக்காத லிவர் எல்லைவரை திரும்பி நின்றது. தவழ்ந்து போய், எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்தான். நிற்கவில்லை. டீசல் குழாயையே கழற்றினான். டீசல் அவன் கையில் வழிந்தது, எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. பெஞ்சிலிருந்து ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

அக்கா பதறவில்லை. குனிந்து அவன் காதோரம் சொன்னாள்:

"சொல்லிடுடா."

"ஸ்பிரிங் உடைஞ்சிருந்துச்சு" என்று கத்தினான்.

அலறல் ஒரு படி இறங்கியது.

"கட்டுக்கம்பியால முடிச்சுப் போட்டு அனுப்பிட்டேன். அதுதான் சிக்கிக்கிச்சு."

இன்னும் ஒரு படி.

"கம்பியைக் கழற்றி மறைச்சது நான்தான். அத்தான் மேல தப்பே இல்லை. பொய் சொன்னேன்க்கா. நீ சோறு போட்டு வளர்த்த கையால..."

எஞ்சின் சீராக ஓடி, தானே நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தைந்து வயது ஆள், டீசல் சகதியில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அக்கா அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

அவள் அடிக்கவில்லை.

"கம்பியை அவரு பார்த்தாருடா" என்றாள். "வண்டி இடிச்ச உடனே, நீ வர்றதுக்கு முன்னாடியே பானெட்டைத் திறந்து பார்த்தாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட மட்டும் சொன்னாரு. விசாரணையில வாயைத் திறக்கலை. 'சின்னப் பையன், பயந்துட்டான். அவனே வந்து சொல்லுவான் பாரு'ன்னார். தினமும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. கடைசி நாள் வரைக்கும் சொல்லிட்டேதான் இருந்தாரு, வருவான் வருவான்னு."

அவனுக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. பேயைக் கண்ட பயம்கூட அந்த நேரத்தில் சின்னதாகிப் போயிற்று. தெரிந்தே ஒரு மனிதர் தன்னைக் காப்பாற்றியிருக்கிறார். இவனோ அந்த மனிதரின் சாவுக்குச் சுடுகாட்டுக்கு மட்டும் வந்து, முகம் பார்க்காமல் கும்பலின் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனவன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லு" என்றாள் அக்கா. அவன் குழாயையும் ராடையும் மாட்டிக் கொடுத்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் விபத்து விசாரணை அலுவலகத்தில் இருந்தான். நல்ல வெளிச்சமான அறை, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி, வரிசையாகக் கோப்பு அலமாரிகள். மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா பழைய கோப்பைத் தேடி எடுத்தார். அவன் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதும்போது ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவன் வாங்கிக்கொண்டான். கையெழுத்தும் போட்டான்.

"சாட்சி ஒருத்தர் வேணுமே" என்றார் குமாஸ்தா. "தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அவன் வெளி வராந்தாவுக்கு வந்தான். பெஞ்சில் இரண்டு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் "என்ன டாக்டர், இங்க?" என்று சிரித்தார். அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அசட்டுச் சிரிப்பொன்று சிரித்துவிட்டு, தூணோரம் ஐந்து நிமிடம் நின்றான். பிறகு நாளைக்கு வருவதாகச் சொல்லிவிடலாம் என்று உள்ளே திரும்பினான்.

குமாஸ்தா கோப்பை மூடி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அதான் உங்க ஆள் வந்து போட்டாச்சே. நீங்க கிளம்பலாம்."

"எந்த ஆள்?"

"இப்பத்தான் போனாரு, நீங்க பார்க்கலையா? பேரைக் கேட்டேன், வாயில கிராம்பை ஒதுக்கிட்டு நின்னாரு, பதிலே சொல்லலை. கைநாட்டு வெச்சுட்டுப் போயிட்டாரு." குமாஸ்தா மேசை இழுப்பறையை இழுத்து மை டப்பாவை எடுத்துப் பார்த்தார். அது வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "மை ஏதுன்னுதான் தெரியலை" என்று தலையைச் சொறிந்தார்.

அவன் நாடாவை அவிழ்த்துக் கோப்பைத் திறந்தான்.

சாட்சி என்ற சொல்லுக்கு நேரே, கறுப்பாக, ஒரு பெருவிரல் ரேகை.

இன்னும் ஈரமாக இருந்தது.