மருதாசலத்தின் குணம் ஏற்றிய கார்

நாச்சிமுத்துவின் கார் கணபதி நாற்சந்தியில் ஓர் ஆட்டுக்கு வழிவிட்டது. பிறகு ஆட்டை ஓட்டி வந்தவருக்கு, ஒரு தண்ணீர் லாரிக்கு, ஒரு தள்ளுவண்டிக்கு. கடைசியில், ஓரமாக நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்காகவும் காத்து நின்றது.

"அவர் ஒருவேளை கடக்க விரும்பலாம்" என்றது மென்மையான குரலில்.

கோவையிலேயே விலை உயர்ந்த கார் அந்தச் செரெட்டா. கோவையிலேயே மெதுவான காரும் அதுதான்.

மனிதர்கள் ஸ்டியரிங் பிடிப்பதற்குத் தடை வந்து பதினைந்து வருடமாகிறது. இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஓட்டுமனம் உண்டு. எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். எப்படிப் போவது என்பது அதன் பாடு. நான்கு வண்டிகள் ஒரு சந்தியில் கூடினால், நான்கு ஓட்டுமனங்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் பேரம் பேசி, யார் முதலில் என்று முடிவு செய்துகொள்ளும். இதற்கு வழிப்பேரம் என்று பெயர். உள்ளூர் வண்டிகள் இதில் படு கெட்டி. செரெட்டா வளர்ந்ததோ, ஆளைவிடப் பனி அதிகமாக உள்ள ஏதோ ஒரு நாட்டில். பேரம் ஆரம்பிக்கும் முன்பே "நீங்கள் முதலில்" என்று சொல்லிவிடும்.

ஒருவழியாகப் பிலோமினாவின் சுபாவப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அபூர்வமான வெளிநாட்டுக் கார்களுக்கு மட்டும் குணம் திருத்தும் இடம். அங்கே ஒரு சிவப்புக் கார், வெள்ளைக்கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்து வாசலிலேயே நின்றது. இன்னொன்று, முந்துவதற்கு முன் விளக்கை மூன்று முறை தாழ்த்தி வணக்கம் வைக்கப் பழகியது. வணங்கி முடிப்பதற்குள் முன்னால் போகிறவன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான்.

"சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?" பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் கிரீஸ்.

"ரொம்ப மரியாதைங்க. அதான் பிரச்சினை" என்றார் நாச்சிமுத்து. "மூணு வருசம் முன்னால என் தங்கச்சி மூத்த பொண்ணுக்குக் காதுகுத்து. பொள்ளாச்சி. நான் தாய்மாமன். இந்தக் கார் வழியெல்லாம் எல்லாத்துக்கும் வழிவிட்டு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சு போச்சு. சமையல்காரர் மடியில உக்கார வச்சுக் குத்திட்டாங்க."

"அடக் கடவுளே!"

"அன்னைல இருந்து சாந்தாமணி என்கூடப் பேசறதில்ல. இந்த ஞாயித்துக்கிழமை சின்னவனுக்குக் குத்தறாங்க. ஒம்பதுல இருந்து பத்தரை. இதையும் விட்டேன்னா எனக்குத் தங்கச்சியே இல்லீங்க."

பிலோமினா ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். தடை வருவதற்கு முன், நல்ல ஓட்டுநர்களின் தலையில் உணரிகளை ஒட்டி, அவர்கள் ஓட்டும் விதத்தை அப்படியே பதிந்து வைத்திருந்தார். குணவித்து என்று பெயர். அதை ஏற்றினால் கார் அந்த ஆளைப் போலவே ஓடும்.

"இது பள்ளிக்கூட வேன். இது கல்யாண மண்டபத்துக் கார். இது..."

"இருக்கறதுலயே முரட்டு ஆள் யாருங்க?"

பிலோமினா தயங்கி, கடைசிக் குப்பியைத் தொட்டார். "மருதாசலம். கோவை டு பொள்ளாச்சி, பிரைவேட் பஸ். இருபத்தாறு வருசம் ஓட்டினாரு. பின்னாடி வர்ற பஸ்ஸை ஒருநாளும் முந்த விட்டதில்ல."

"அதேதானுங்க வேணும்! ரூட்டும் அதே ரூட்டு!"

"சார், குணத்தைக் கத்தரிச்சுத் தனியா எடுக்க முடியாது. வேகம் வந்தா, அந்த வேகம் எதுக்காக இருந்துச்சோ அதுவும் கூடவே வரும். பதினஞ்சு நாள் விடுங்க, பக்குவம் பண்ணித் தர்றேன்."

"ஞாயித்துக்கிழமை காதுகுத்துங்க!"

பிலோமினா பெருமூச்சு விட்டு ஏற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு, மடியில் சீர்த்தட்டோடு நாச்சிமுத்து கிளம்பினார். செரெட்டா சீறியது. நாற்சந்தியில் தண்ணீர் லாரி ஒதுங்கியது. ஆடுகள் சிதறின. அவருக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டை விட முடியாததால் சிரித்ததோடு சரி.

உக்கடம் பேருந்து நிறுத்தத்தில் கார் நின்றது. கதவுகள் நான்கும் திறந்தன.

"ஏறுங்க, ஏறுங்க! பொள்ளாச்சி, பொள்ளாச்சி!" என்றது செரெட்டா. மென்மையான குரல் போன இடம் தெரியவில்லை.

"ஏய், கிளம்பு! நேரமாச்சு!"

"சீட்டு காலியா கிடக்குதுங்ணா."

நாச்சிமுத்து கெஞ்சினார், திட்டினார். கார் ஓரடி முன்னால் போவதும் ஓரடி பின்னால் வருவதுமாக உறுமியதே தவிர நகரவில்லை. மணி எட்டேகால். அவர் பிலோமினாவைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நெறஞ்சா பறக்கும் சார். சண்டை போடாதீங்க, ஆள் ஏத்துங்க!"

நாற்பது பேர் வேலை செய்யும் பம்ப் கம்பெனியின் முதலாளி, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடைபாதையில் இறங்கினார். கூச்சமெல்லாம் அரை நிமிடம்தான்.

"பொள்ளாச்சி! பொள்ளாச்சி! உக்காந்து போலாம், வாங்க!"

பூக்கூடையோடு ஓர் அம்மாள், இரண்டு கல்லூரி மாணவிகள், கரும்புக் கட்டோடு ஒரு பெரியவர். கரும்பு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டது. கதவு மூடியதுதான் தாமதம், செரெட்டா பறந்தது. கிணத்துக்கடவில் மாணவிகள் இறங்க, நாச்சிமுத்து தாமே குதித்து இரண்டு பேரை ஏற்றினார். "உள்ள தள்ளி உக்காருங்க" என்று அவர் வாயிலிருந்தே வந்தது.

ஒன்பது நாற்பதுக்குக் கோயில் வாசல். சாந்தாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். கார்க் கதவு திறந்து, முதலில் கரும்பும், பிறகு பூக்கூடையும், கடைசியில் வேட்டி கசங்கிய அண்ணனும் இறங்குவதைப் பார்த்தாள். மூன்று வருடக் கோபத்தை அடக்கி வைத்திருந்தவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சின்னவன் மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதான். நாச்சிமுத்துவும் கொஞ்சம் அழுதார்.

"சாப்பிட்டுட்டுப் போ. எப்பவும் இலையில உக்காராம ஓடிருவே" என்றாள் சாந்தாமணி.

"மத்தியானம் மீட்டிங் இருக்குதும்மா. இன்னொரு நாள்..." என்றபடி வாசலுக்கு வந்தவர் திகைத்து நின்றார். கார் இல்லை.

"உங்க காருங்களா?" என்றார் செருப்பைப் பார்த்துக்கொள்பவர். "பத்தே முக்காலுக்கு டாண்ணு கிளம்பிருச்சுங்க. ஆள் நெறஞ்சிருச்சு."

மறுபடியும் கைப்பேசியில் பிலோமினா. "மருதாசலம் ஒரு ட்ரிப் கூட விட்டதில்ல சார். கோவை போயிட்டு வந்து, ஒன்றரைக்கு மறுபடியும் கோவைக்கு ஆளேத்திட்டு வரும். ஸ்டாப்புல நில்லுங்க."

வேறு வழியில்லாமல் நாச்சிமுத்து இலையில் உட்கார்ந்தார். தங்கை பரிமாறினாள். மூன்று வருடத்துக் கதையைப் பேசினார்கள். மீட்டிங் ஞாபகமே வரவில்லை.

ஒன்றரைக்கு இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். தூரத்தில் புழுதி. கோவையிலேயே விலை உயர்ந்த கார் சீறிக்கொண்டு வந்தது. உள்ளே ஆறு பேர், ஒரு சைக்கிள் டயர், இரண்டு சேவல். நாச்சிமுத்து கையை உயர்த்தினார். அது தன்னுடைய கார் என்பதால் கொஞ்சம் மிடுக்காகவே உயர்த்தினார்.

செரெட்டா வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"பின்னாடி வண்டி காலியா வருதுங்ணா!" என்று கத்திவிட்டுப் போயே போய்விட்டது.

சாந்தாமணி சாலையை எட்டிப் பார்த்தாள். பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை.

"வாண்ணா, காபி குடிக்கலாம்" என்றாள். "அடுத்த ட்ரிப்புக்கு இன்னும் நேரம் கிடக்குது."