ஸ்டில்ரஸ்ட் மாளிகையின் பிறந்தநாள் நாட்காட்டி

லாம்மெர்ட் ஒற்றைப் பெட்டியோடு ஸ்டில்ரஸ்ட் மாளிகைக்கு வந்து சேர்ந்தபோது, நதியிலிருந்து எழுந்த மூடுபனி வாசல் மரங்களை இடுப்புவரை தின்றிருந்தது. ஆம்ஸ்டர்டாம் சர்க்கரை வியாபாரி ஒருவர் கோடையில் காற்று வாங்கக் கட்டிய வீடு. பிறகு காசநோய் விடுதி. இப்போது சனிக்கிழமை கல்யாணம், மற்ற நாட்களில் கம்பெனிக் கூட்டம். குளிர்காலத்தில் இழுத்துப் பூட்டிவிட்டுக் காவலுக்கு ஓர் ஆளைப் போடுவார்கள். ஏனென்று கேட்க ஆளில்லாதவனாக இருந்தால் நல்லது. அந்தத் தகுதி லாம்மெர்ட்டிடம் குறைவில்லாமல் இருந்தது.

சாவியைக் கொடுத்த நிர்வாகி வில்லமைனிடம், பேய் ஏதும் உண்டா என்று அசடு வழியக் கேட்டான்.

"போன மாசக் கல்யாணக் கூட்டத்தப் பாத்திருந்தா பேயே வீட்டக் காலி பண்ணிருக்கும்ங்க."

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பின்கட்டுக் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் எதையும் எழுதக் கூடாது. விடுதிக் காலத்துப் பொருள்.

இந்த நாட்டில் எந்த வீட்டுக் கழிப்பறையில்தான் அது இல்லை? வருடம் கிடையாது, தேதியும் பெயரும்தான். செத்தவர்களின் பெயரையும் யாரும் அடித்துவிடுவதில்லை. இதில் பதினொரு பெயர்கள், யாரும் வந்து பார்க்காத நோயாளிகள். லாம்மெர்ட் வீட்டில் இந்த வேலையெல்லாம் மனைவி ஆல்ட்யேயுடையது. அவள் செத்துப் போய் மூன்று வருடம். அன்றிலிருந்து அவன் பிறந்தநாளும் போயிற்று.

நவம்பர் பத்தொன்பதின் கீழ் தன் பெயரை எழுதினான். சுவராவது ஞாபகம் வைத்திருக்கட்டும்.

அந்த நாளும் வந்தது. தொலைபேசி வாய் திறக்கவில்லை. மாலை நான்கு மணிக்குக் கூடத்திலிருந்து காபி வாசனை.

அவன் காபி போடவில்லை.

நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன, பிறந்தநாள் வீட்டில் போடுவதைப் போலவே. ஒவ்வொரு கோப்பையோடும் ஒரே ஒரு பிஸ்கட். செத்தாலும் நம் நாட்டுக் கஞ்ச சனம் இரண்டாவது பிஸ்கட் தராது.

எங்கோ ஒரு வறட்டு இருமல்.

ஓடிவிடலாம். ஓடி, யாரிடம் போவது?

உட்கார்ந்தான்.

குளிர்ந்த கை ஒன்று அவன் கையைப் பற்றிக் குலுக்கியது. பிறகு இன்னொன்று. எண்ணினான். பதினொன்று.

"வாழ்த்துகள்," என்றது மூச்சில்லாத குரல், காதோரமாக.

லாம்மெர்ட் அழுதான். பிஸ்கட்டையும் தின்றான்.

டிசம்பர் பிறந்ததும் நாட்காட்டியின் பக்கத்தைத் திருப்பினான். மூன்றாம் தேதியில் ஒரு பெயர், முன்பு அவன் புரட்டிப் பார்த்தபோது இல்லாதது. ஆல்ட்யே இந்த வீட்டுப் படியை மிதித்ததே இல்லை. ஆனால் கையெழுத்து அவளுடையது. தேதியும் அவளுடையது, முப்பது வருட இல்லறத்தில் அவன் இருபத்தொன்பது முறை மறந்த தேதி.

"ஆல்ட்யே. இந்த வருஷமாவது மறந்துடாத" என்று எழுதியிருந்தது.

தொட்டுப் பார்த்தான். மை விரலில் ஒட்டியது.