தனியாக உயிர் கொடுக்க வேண்டும்

பார்சலைப் பிரித்தபோது ஹார்ட் ட்ரைவ் வெதுவெதுப்பாக இருந்தது. நான்கு நாள் கூரியரில் உருண்டு புரண்டு, மழையில் நனைந்து நைந்துபோன அட்டைப் பெட்டிக்குள், பழைய துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையும் போட்டு அனுப்பப்பட்டிருந்த கறுப்புப் பெட்டி. ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். இப்போதுதான் யாரோ மடியிலிருந்து எடுத்து நீட்டிய மாதிரி இருந்தது. வண்டியில் இன்ஜினுக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேஜைமேல் வைத்தாள்.

மேலே வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதில் அண்ணன் ‘அம்மா’ என்று எழுதியிருந்தான். அந்தக் கோணல் கையெழுத்தின்மேல் அவள் விரலை ஓட்டினாள்.

இரண்டு வருஷமாக அவள் கேட்டு, அவன் தராத பொருள் இது. அம்மா ரிப்பேர் கடை வைத்திருந்தவள். டிவி, ரேடியோ, மிக்ஸி என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிட்டு, கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு அதைச் சுற்றி வருவாள். கடைசிக் காலத்தில், எந்த செட்டை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று பேசிப் பேசி வீடியோ எடுத்து, யாரோ சரிபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத இந்த ட்ரைவில் போட்டு வைத்தாள். அம்மா போன பிறகு அவள் இதைக் கேட்டபோது, “கெட்டுப்போச்சு, சுத்தவே மாட்டேங்குது” என்றான் அண்ணன். கடை நடத்துகிறவனுக்கு ஒரு ட்ரைவைச் சரிபண்ணத் தெரியாதா? அவள் கத்தினாள். அவன் பேச்சை நிறுத்தினான். அண்ணி எட்டு மாதத்துக்கு முன்னால் என்ன நோய் என்றே தெரியாமல் உருகிப் போய்ச் செத்தபோதுகூட அவன் தங்கையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

போன வாரம் அவனே போன் செய்தான். “சுண்டு, அம்மா ட்ரைவ் உயிரோடதான் இருக்கு. நீயே வெச்சுக்கோ.” சின்ன வயதில் சுண்டெலி என்று அம்மா ஆரம்பித்து வைத்த பேர். அதைக் கேட்டே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன்தான்.

அவளுக்கு வேண்டியது டிவி பிரிக்கும் வித்தை அல்ல. அம்மாவின் குரல் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. முகம் இருந்தது, மணம் இருந்தது, ஈயம் உருகும் புகை மணம். குரல் மட்டும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒரே ஒரு தடவை அம்மா ‘சுண்டு’ என்று சொல்லி அவள் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

மணி நாலு. வெளியே மழை மூட்டத்தில் ஆறு மணி போல இருண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள் அவள். லேப்டாப் ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. டேப்லெட்தான் கரும்பலகை, டேப்லெட்தான் எல்லாம். ட்ரைவின் கேபிளை டேப்லெட்டில் செருகினாள். உள்ளே ஏதோ ஒன்று எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தது. டிக். மறுபடியும் டிக். திரையில் ஒரு வரி வந்தது: இணைத்த சாதனத்துக்கு அதிக மின்சாரம் தேவை.

அண்ணனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான், கையிலேயே வைத்துக் காத்திருந்தவன் போல.

“அண்ணா, ட்ரைவ் வந்துடுச்சு. ஆனா டேப்லெட்ல போட்டா பவர் பத்தலைங்குது. டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது.”

“பத்தாது. அது பெரிசு. அதுக்குத் தனியா…” என்று இழுத்தான்.

“தனியா உயிர் குடுக்கணுமா? அம்மா பாஷையில சொல்றியா?” அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா எந்தச் சாமானுக்கும் கரண்ட் கொடு என்று சொன்னதில்லை. உயிர் குடு என்பாள். ரிப்பேர் முடிந்ததும், டேய் இதுக்கு உயிர் குடு என்று கடைக்குள்ளிருந்து குரல் வரும்; அண்ணன் ஓடிப்போய் சுவிட்சைப் போடுவான். புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். “பவர் ஹப் இருக்குண்ணா. நான் குடுத்துக்கறேன்.”

“என்ன குடுக்கற?”

“அதான்.”

“சரியா கேக்கல சுண்டு. மழை. முழுசா சொல்லு.”

“நான் உயிர் குடுக்கறேன்னு சொன்னேன். காது போச்சா உனக்கு?”

“சரி” என்றான். “லைட் எரிஞ்சா சொல்லு.” வைத்துவிட்டான்.

மேஜை இழுப்பறையிலிருந்து, தனி மின்சாரம் தரும் ஹப்பை எடுத்தாள். டேப்லெட் ஒரு துளையில், ட்ரைவ் ஒரு துளையில், அடாப்டர் வயர் பின்னால். எல்லாம் செருகிவிட்டு நிமிர்ந்தபோது ட்ரைவின் முகத்தில் பச்சை லைட் எரிந்தது. உள்ளே சக்கரம் சுழலும் சத்தம் மெல்ல எழுந்து, ஒரே சீராக, தூங்குகிறவர்கள் விடும் மூச்சு மாதிரி அறை முழுக்கப் பரவியது. அடாப்டரின் மறுமுனையைச் சுவரில் செருகக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

அது இன்னும் அவள் கையில்தான் இருந்தது. சுவரில் செருகவே இல்லை.

சரி, டேப்லெட் பேட்டரியே எப்படியோ இழுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கணக்கு டீச்சருக்கு விடை வந்தால் போதும், வழிமுறை அப்புறம். ஆனாலும் அடாப்டரைச் சுவரில் செருகி சுவிட்சைப் போட்டாள். போடும்போது விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. மழைக் குளிர். தோளில் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் நான்கு ஃபோல்டர்கள். அம்மா. அண்ணி. அண்ணன். நான்.

அண்ணன் எழுதி வைத்திருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவன் தன் மனைவியை எதற்கு அண்ணி என்று எழுத வேண்டும்? தன்னையே எதற்கு அண்ணன் என்று எழுத வேண்டும்? எல்லாம் அவள் கூப்பிடுகிற முறையில் இருந்தன. அந்த நான்காவது பேரைத் தொடாமல், முதலாவதைத் தொட்டாள்.

முதல் வீடியோவில் அம்மா கடை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். உருண்டை முகம். கொண்டையில் டெஸ்டர். எதிரே பிரித்துப் போட்ட ரேடியோ. “இந்த ஸ்க்ரூவ அவசரப்பட்டுத் திருகாதீங்க, மரை தேஞ்சிடும்” என்றாள். திரைக்கு இந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தக் குரல்தான். இதையா மறந்தேன்? ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே போனாள். பத்தாவது வீடியோவில் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சரிந்தது. இருபதாவதில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ரேடியோவைக் காணோம், டிவியைக் காணோம். அம்மா வெறுமனே உட்கார்ந்திருந்தாள், மடியில் எதையோ வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி. கறுப்புப் பெட்டி. பச்சை லைட்.

அப்படியானால் வீடியோ எதில் பதிவாகிறது? எங்கிருந்து எடுக்கப்படுகிறது? அவள் உற்றுப் பார்த்தாள். படம் மடியிலிருந்து மேல்நோக்கி இருந்தது. மோவாய், மூக்குத் துளை, கூரை விளக்கு.

கடைசி வீடியோ. அம்மாவின் உதடுகள் வெடித்திருந்தன. பக்கத்தில் அண்ணன் குனிந்து நின்றான்.

“டேய்,” என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. “இது என்னோட போகட்டும். தெரியாம வாய விட்டேன், மாட்டிக்கிட்டேன். போகலேன்னா… எங்கயாவது கொண்டு போய்ப் புதைச்சுடு. யார்கிட்டயும் அந்த வார்த்தைய வாங்காத.”

“சரிம்மா.”

“சுண்டுக்கு மட்டும் குடுத்துடாதடா. சுண்டு பாவம்டா.”

“சரிம்மா. சத்தியமா.”

படம் முடிந்தது.

இரண்டு வருஷமாக ஏங்கிய அந்தப் பேரை அம்மா சொல்லிவிட்டாள், இரண்டு தடவை. அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முழுசா சொல்லு. சரியா கேக்கல, முழுசா சொல்லு. மழையில் போன் ஒன்றும் இரையவில்லை. அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

அடுத்ததைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தாள். கை திறந்தது.

அண்ணி. அதே நாற்காலி. தேதி, அம்மா போய் நாலு மாதத்துக்குப் பிறகு. மடியிலிருந்து பார்க்கிற அதே கோணம். மேலே அண்ணியின் முகம், ஒட்டிய கன்னம். அதற்கும் மேலே, நாற்காலிக்குப் பின்னால், இன்னொருத்தி நின்றாள்.

கொண்டையில் டெஸ்டர்.

அண்ணன். ஒரே ஒரு வீடியோ. மூன்று நிமிஷம். அவன் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான். பின்னால் இரண்டு பேர். அவன் முழங்கால்மேல் ஓர் அட்டைப் பெட்டி. அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். அவள் வீட்டு எண். அவள் தெரு. பின்னாலிருந்து ஒரு கை அவன் பேனாவைப் பிடிக்கப் பிடிக்க நழுவியது. “விடும்மா,” என்றான் திரும்பிப் பார்க்காமல். “விடு.”

போன் அடித்தது.

“லைட் எரியுதா சுண்டு?”

குரலே மாறியிருந்தது. தெம்பாக இருந்தது. எங்கோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“எரியுது” என்றாள்.

அவன் அழுதான். அழுதுகொண்டே மென்றான். “எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் கை சூடா இருக்கு. பசிக்குது சுண்டு. நல்லா பசிக்குது.”

“அம்மா உங்கிட்ட என்ன சொன்னாங்கண்ணா?”

மெல்லுவது நின்றது.

“நீ சத்தியம் பண்ணினியேண்ணா.”

“அம்மா போயிட்டாங்க,” என்றான். “நான் இருக்கேன்ல.” பிறகு, கணக்கை முடித்துக் கடையைச் சாத்துகிறவன் குரலில், “இனிமே எனக்குப் போன் பண்ணாத” என்றான்.

அவள் போனைக் கீழே வைக்கவில்லை. அது கையிலிருந்து விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை. எழுந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். லைட் எரிந்தது. அடாப்டரைப் பிடுங்கினாள். எரிந்தது. டேப்லெட் கேபிளைப் பிடுங்கினாள். ஹப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

வெறும் மேஜை. வயர் ஒன்றும் இல்லாத கறுப்புப் பெட்டி. பச்சை லைட் எரிந்தது. விட்டு விட்டு எரிந்தது. நெஞ்சில் கை வைத்தாள். நெஞ்சு அடிக்கும்போது எரிந்தது. துடிப்பு விட்டபோது அணைந்தது.

அவள் ஓடலாம் என்றுதான் நினைத்தாள். கால் இரண்டடி போய் நாற்காலிக்கே திரும்பி வந்தது. உட்கார்ந்தாள். பெட்டி மடியில் இருந்தது. எப்போது எடுத்தாள்? தெரியாது. சூடு. இந்த வீட்டிலேயே சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

கேபிள் இல்லாத டேப்லெட்டில் இன்னும் நான்கு ஃபோல்டர்கள் இருந்தன. நான்காவது தானாகத் திறந்தது. நான். தொடங்கிய நேரம் நாலு பத்து. அவள் போனில் முழுசாகச் சொன்ன நேரம்.

மோவாய். மூக்குத் துளை. அவள் வீட்டுக் கூரை விளக்கு.

நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பேர். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அம்மா முன்னால் வந்தாள். குனிந்தாள்.

ஈயம் உருகும் மணம்.

கடையில் ஈயம் பத்தவைக்கும்போது துளி தெறிக்கும். பார்க்காதே சுண்டு, கண்ணு போயிடும் என்று சொல்லி, பின்னாலிருந்து அம்மா இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் கண்களைப் பொத்துவாள். தெறிப்பு அடங்கும்வரை எடுக்க மாட்டாள்.

திரையில் அந்தக் கைகள் இறங்கி வந்தன.

ஜில்லென்று கண்களை மூடின.

விரல் இடுக்கில் பச்சை லைட் எரிந்தது. அணைந்தது. எரிந்தது.