எர்மெக் இன்னும் பணியில்

நாரின் என்ற மலைநகரில் அன்று காலை வெயில் இருந்தது, சூடுதான் இல்லை. மாவட்ட அலுவலகத்தின் புதிய டிஜிட்டல் மையத்துக்குள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் எசென் நுழைந்தபோது மணி ஒன்பது. போன மாதம்தான் மாவட்டத் தலைவர் ஒரோஸாலி ரிப்பன் வெட்டி, சுவரில் தன் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார். அந்த மாபெரும் மையத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைப் போட்டதும் நெட்வொர்க் கார்டின் விளக்கு பச்சையாக எரியும். திரை வெளிச்சமாகும் நேரத்தில் அணைந்துவிடும்.

"பதினோரு மணிக்குத் தலைநகரத்துத் திரையில என் முகம் தெரியணும்," என்றார் தலைவர். "தெரிஞ்சா உனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா ஆட்டுக்குப் பல்லு பாக்கப் போயிடு."

எசெனின் மனைவிக்கு எட்டாம் மாதம். அந்த வேலை அவனுக்கு வேண்டும்.

கேபிளை மாற்றினான். கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, வேறு துளையில் செருகினான். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினான். ஒவ்வொரு முறையும் பச்சை எரிந்து அணைந்தது. அணையும்போது பெட்டிக்குள் யாரோ மூச்சை இழுப்பது போலிருந்தது. ஹீட்டர் சிவந்து எரிந்தும் கார்டின் மேல் உறைபனி படிந்திருந்தது.

செயலாளர் புர்மகான் வாசலைத் தாண்டவில்லை.

"எஜே," என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான் எசென். "எனக்கு முன்னாடி இருந்த எர்மெக் அண்ணன் இதை எப்படிச் சமாளிச்சாரு?"

"மெதுவாப் பேசு," என்றாள். "அவரு இதே நாற்காலியிலதான் விறைச்சுச் செத்தாரு. திறப்பு விழா அவசரம், ஹீட்டர் அப்புறம்தான் வந்துச்சு. வியாழக்கிழமை அவருக்காக எண்ணெயில ரொட்டி பொரிக்க வந்தேன். அந்த வாசனை போய்ச் சேர்ந்தாத்தானே ஆத்மா அடங்கும்? டிஜிட்டல் மையத்துல எண்ணெய் நாத்தமான்னு தலைவர் விரட்டிட்டாரு, மகராசன்."

"செத்ததை மேலிடத்துக்கு எழுதினாங்களா?"

"எழுதினா மாவட்டத்துக்கு மார்க் குறையுமே! காகிதத்துல அவரு இன்னும் வேலை பாக்குறாரு. உன் பேருதான் எங்கயும் இல்ல."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். மார்பு நிறையப் பதக்கங்களோடு தலைவர் வந்தார். எசென் கடைசி முயற்சியாக கம்ப்யூட்டரை நிறுத்தி, கார்டை வெளியே எடுத்துவிட்டு, சுவிட்சை மறுபடி போட்டுப் பார்த்தான்.

பச்சை எரிந்தது.

கார்டு அவன் உள்ளங்கையில் இருந்தது.

திரையில் தலைநகரத்து அலுவலகம் தெரிந்தது. தலைவர் எசெனைத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்து, தொண்டையைச் செருமினார். "மேன்மைமிகு..."

"எர்மெக்," என்றாள் திரையிலிருந்த பெண். "உங்க தலைவரைக் கூப்பிடுங்க."

"நான்தாம்மா தலைவர்!"

"எர்மெக், கேக்குதா? முகமெல்லாம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

தலைவர் எழப் பார்த்தார். முடியவில்லை. அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு வந்தது.

அடுத்தது வரவில்லை.

எசென் கார்டை உதறினான். அது தோலோடு ஒட்டியிருந்தது.

"உங்க பக்கத்துல நிக்கிறவரு யாரு எர்மெக்? பட்டியல்ல இல்லையே. சேர்த்துடுங்க."

யாரும் தொடாத விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. பெயர்: எசென். பணி: நிரந்தரம்.