குறி மாறிய படம்

காலை 9.10. உறை இருந்தது. உள்ளே எக்ஸ்ரே படம் இல்லை.

நான்கு வயதுச் சிறுமிக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி இடப்பக்கம் வளைவதற்குப் பதிலாக வலப்பக்கம் வளைந்து, ஒரு நாரோடு சேர்ந்து மூச்சுக்குழலை வளையம் போட்டு நெரித்துக்கொண்டிருந்தது. பிறவிக் கோளாறு, மிக அபூர்வம். இரண்டு வருடமாக அதை ஆஸ்துமா என்று சொல்லி மருந்து கொடுத்தவர் சிறுமியின் தாய்மாமன். குடும்ப டாக்டரும் அவரே. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தை அறுவை மருத்துவர் கேட்டபோதுதான் அது காணாமல் போனது தெரிந்தது.

ஆவண அறை அம்மாள் விசாரிக்க வந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். எறும்பு ஊர்ந்தாலும் எந்தக் கால் நொண்டி என்று சொல்லிவிடுவார்.

9.30. நேற்று உறையைக் கொடுத்தபோது படம் உள்ளே இருந்ததாகத் தாய் சொன்னாள். நர்ஸ் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். காலையில் அதைக் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்தவர் மாமன்.

"உறையில இருந்த எக்ஸ்ரே அறிக்கையை மட்டுந்தான் படிச்சேன். நுரையீரல் சுத்தம்னு ஒரே வரி. படத்தை அன்னிக்கும் பாக்கல, இன்னிக்கும் பாக்கல," என்றார் அவர். "போனா போகட்டும்மா. இடது வலது குறி மாத்திப் போட்ட படம், அதை வச்சு என்ன பண்ணப் போறாங்க?"

எல்லோரும் நர்ஸைத்தான் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுத் தாயையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மாமனிடம் திரும்பினார்.

9.50. "எடுத்தது நீங்கதான் டாக்டர். குறி மாறினதா அறிக்கையில ஒரு வார்த்தை இல்ல. படத்தைப் பாத்தவங்களுக்குத்தான் அப்படித் தோணும். தமனி வலப்பக்கம் தெரிஞ்சதும், குறியைத் தப்பாப் போட்டுட்டாங்கன்னு தள்ளிட்டீங்க. குறி மாறியிருந்தா இதயமும் வலப்பக்கம் தெரியணுமே?"

மாமன் தன் பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார். இதயம் இடப்பக்கம்தான் இருந்தது.

"அன்னிக்குத் தோணல," என்றார்.

தங்கை கேட்டாள். "எப்போ தோணுச்சு அண்ணா?"

"போன வருஷம். உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு..."

வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை.

"தெரிஞ்சப்புறமும் அதே மருந்தை எழுதுன. அவ மூச்சு இழுக்குறப்போ பக்கத்துல உக்காந்து முதுகையும் தடவிக் கொடுத்த."

அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் சாட்சியாக அண்ணன் போட்டிருந்த கையெழுத்தை அவள் அடித்தாள். படிவத்தை நர்ஸிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க," என்றாள்.