தலைமாட்டில் நிற்பவன்

மூன்று வருஷம் கழித்து அந்த ஜிம்முக்குள் நுழைந்தபோது மருந்துக்கடைக்காரருக்கு முதலில் தடங்கலாக வந்தது அவருடைய தொப்பைதான். கதவு எப்போதும் பாதிதான் திறக்கும். கீல் துருப்பிடித்துப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் ஒருக்களித்து நுழைந்துவிடுவார். இப்போது ஒருக்களித்தாலும் நேராக நின்றாலும் அகலம் ஒன்றாகத்தான் இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உள்ளே வந்து சேர்ந்தார்.

மதியம் மூன்று மணி. தகரக் கூரை வெயிலில் விரிந்து டப், டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இரும்பு, பழைய ரப்பர், காய்ந்த வியர்வை எல்லாம் கலந்த அதே நாற்றம். அந்த நேரத்தில் ஈ, காக்கா இருக்காது. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஜிம் சொந்தக்காரர் மட்டும்தான். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

"அடடா, வாங்க வாங்க! வழி ஞாபகம் இருக்கா?"

"டாக்டர் தள்ளி விட்டுட்டாரு மாஸ்டர்."

"அதானே பார்த்தேன். நாங்க கூப்பிட்டா வர்ற ஆளா நீங்க?"

டாக்டர் அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க கடை மாத்திரையை நீங்களே வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தா கடை நல்லா ஓடும். நீங்க ஓட மாட்டீங்க" என்றார். மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அப்பா நாற்பத்தைந்தாவது வயதில் சட்டை பட்டன் போடும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். இவருக்கு இப்போது நாற்பத்திரண்டு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்கு ஐந்து. போன வாரம் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர், பாதியிலேயே மூச்சு வாங்கி இறக்கி விட்டுவிட்டார். "பரவால்லப்பா, நான் நடந்து வரேன்" என்று குழந்தை அவரைத் தேற்றியது. அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. இவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரையாவது இருந்துவிட வேண்டும் என்ற ஒரே பயம்தான் அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

வேறு ஜிம் போயிருக்கலாம். ஆனால் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் இது ஒன்றுதான் இருந்தது. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைசியில், ஜன்னலுக்குக் கீழே, அந்த பெஞ்ச் அப்படியே கிடந்தது.

ஒல்லி செத்துப்போன பெஞ்ச்.

ஒல்லி ஒரு எலக்ட்ரீஷியன். முதல் நாள் வந்தபோது காற்றடித்தால் பறந்துவிடுவான் போலிருந்ததால் வந்த பேர். பிறகு மார்பு பீரோ மாதிரி ஆனது, பேர் மட்டும் மாறவில்லை. அவன் பதிலுக்கு இவரை 'டோஸ்' என்று கூப்பிடுவான். ஏழு வருஷம் தினமும் மூன்று மணிக்கு இரண்டு பேரும் ஜோடியாகப் பயிற்சி செய்தார்கள். ஒருவன் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தூக்கினால், மற்றவன் தலைமாட்டில் நின்று சப்போர்ட் கொடுப்பான். எண்ணுவதும் தலைமாட்டில் நிற்பவன் வேலைதான். முழுசாகத் தூக்கினால்தான் அடுத்த எண் வரும். அரைகுறையாகத் தூக்கினால் பழைய எண்ணையே திருப்பிச் சொல்வான். ஒரு செட் முடிந்தால் ஆள் மாறும்.

ஒல்லிக்குக் கம்பியின் முனைகளில், எடைத் தட்டுகள் கழன்று விழாமலிருக்க லாக் மாட்டுவது பிடிக்காது. இவர்தான் விடமாட்டார். தட்டு ஒரு பக்கம் நழுவினால் கை போய்விடும் என்று திட்டித் திட்டியே அவனுக்கு அந்தப் பழக்கத்தை உண்டாக்கினார்.

அன்றைக்கு நல்ல மழை. மருந்துக்கடைக்காரர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பாயில் படுத்திருந்தார். மூன்று மணிக்கு போன் அடித்தது. ஒல்லி. ஒரு நாள் விட்டால் குடியா முழுகிவிடும் என்று சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். மறுபடி அடித்தது. அதையும் எடுக்கவில்லை. மூன்றரைக்கு மாஸ்டர் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது எண்பது கிலோ கம்பி ஒல்லியின் கழுத்தில் கிடந்தது. லாக் மாட்டாமல் இருந்திருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்து, தட்டுகளைத் தள்ளிவிட்டுப் பிழைத்திருப்பான். இரண்டு பக்கமும் இறுக்கமாக மாட்டியிருந்தான்.

கடையில் கூட்டம், போனைக் கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார் மருந்துக்கடைக்காரர். மனைவியிடமும் அதைத்தான் சொன்னார்.

இப்போது அந்த பெஞ்சில் போய்ப் படுத்தார். வேறு பெஞ்ச் கிடையாது. வெறும் கம்பியைப் பிடித்து, தட்டு எதுவும் போடாமல், தூக்கினார். மனசுக்குள் எண்ணிக்கொண்டார். நான்கு வரைக்கும் ஒப்பேற்றிவிட்டார். ஐந்தாவதில் கை வெடவெடவென்று ஆடிப் பாதியில் இறங்கிவிட்டது.

"நாலு."

தலைமாட்டிலிருந்து வந்தது குரல்.

மறுபடி தூக்கினார். மறுபடி பாதி.

"நாலு."

வலித் தைலத்தின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. ஒல்லி தோளில் அப்பிக்கொண்டு வருவானே, அதே தைலம். கம்பியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு எழுந்து திரும்பிப் பார்த்தார். சுவரும் ஜன்னலும்தான் இருந்தன. வாசலில் மாஸ்டர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

வெறும் வயிற்றோடு வந்த மயக்கம் என்று வைத்துக்கொண்டார். அவர் கடைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வார்.

மறுநாள் அவர் போனபோது கம்பியில் ஒரு ஜோடி தட்டு ஏற்றியிருந்தது. லாக் மாட்டியிருந்தது.

"மாஸ்டர், யார் போட்டது?"

"நீங்கதானே வந்து போற ஆளு இந்த நேரத்துக்கு? எனக்கு இடுப்பு இருக்கிற இருப்புக்கு நான் பேப்பரைத் தூக்கறதே பெரிசு."

படுத்தார். தூக்கினார். குரல் எண்ணியது. அவர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயம் இருந்தது, உள்ளங்கை வேர்த்து வழுக்கும் அளவுக்கு இருந்தது. ஆனால் மூன்று வருஷமாகக் கேட்காத அந்தக் குரலைக் கேட்கவும் ஆசையாக இருந்தது. எட்டு என்று அது சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாரங்கள் ஓடின. தினமும் கம்பியில் கொஞ்சம் எடை கூடியிருக்கும். ஒரு நாள் லாக்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். வந்து பார்த்தால் மாட்டியிருந்தது. அதற்கப்புறம் அவர் தொடவில்லை. சர்க்கரை இறங்கியது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழிந்தது. மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது மாடி வரை ஏறிக் காட்டினார்.

மனைவி தட்டு கழுவிக்கொண்டே, "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு சரியான டயத்துக்கு வரலை" என்றாள்.

ஆறாவது வாரம், மூன்றாவது செட்டை முடித்து எழுந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டை எடுத்தபோது கம்பியில் எண்பது கிலோ ஏற்றியிருந்தது.

"இப்ப என் முறை."

காதுக்குப் பக்கத்தில், மூச்சுக்காற்று படும்படி.

மருந்துக்கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். நான்கு அடி வைத்திருப்பார்.

"இன்னிக்கும் கடையில கூட்டமா?"

கால் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பொய் பொய்யென்று தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

திரும்பினார். பெஞ்சின் ரெக்ஸின் மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. முதலில் இடுப்பு படும் இடம். பிறகு முதுகு. பிறகு தலை.

தலைமாட்டில் போய் நின்றார். வேறு வழி தெரியவில்லை.

கம்பி தானாக ஸ்டாண்டை விட்டு எழுந்தது. அந்தரத்தில் ஒரு கணம் ஆடியது. இறங்கியது. ஏறியது.

"ஒண்ணு" என்றார். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆறு வரை சீராகப் போனது. ஏழு திணறியது. எட்டாவதில் கம்பி கீழே இறங்கி, ஏறாமல் நின்றது. ஒரு சாண் உயரத்தில் நடுங்கியது. அதற்குக் கீழே, காலியான இடத்திலிருந்து, தொண்டை அடைபடும் சத்தம் வந்தது.

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். எண்பது கிலோவும் அவர் கையில்தான் இருந்தது. முதுகு பிளந்துவிடும் போல வலிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து ஸ்டாண்டில் சேர்த்தார். பெஞ்சுக்குப் பின்னால் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"கூட்டம் இல்லடா. தூங்கிட்டு இருந்தேன். ரெண்டு தடவையும் போன் அடிச்சுது. தெரிஞ்சேதான் எடுக்கலை. என்னை மன்னிச்சிரு."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. கூரை டப்பென்றது. தைல வாடைகூடக் குறைந்திருந்தது. இதற்குத்தான் வந்திருக்கிறான், கேட்டுவிட்டான், போய்விட்டான் என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு செட்."

அதற்கப்புறம் அவர் ஒரு நாளும் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று மாஸ்டரிடம் சாவி வாங்கி வைத்துக்கொண்டார். மாஸ்டர் புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் அவரைக் காட்டி, "இப்படி இருக்கணும்ப்பா ஒழுங்கு" என்று பெருமையடித்துக்கொண்டார். தினமும் அவர் முறை, பிறகு அவன் முறை. தினமும் எட்டாவதில் கம்பி நிற்கும். தினமும் அவர் தூக்கிவிடுவார். மன்னிப்பு கேட்டால் பதில் வராது. எண்ணிக்கை தப்பினால் மட்டும் பதில் வரும். டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்துக் கை குலுக்கினார்.

நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் நூறு. மத்தியானம் நூற்று மூன்று. மனைவியின் ஆபீஸில் அன்றைக்குத் தணிக்கை, நாலரைக்கு முன்னால் கிளம்ப முடியாது என்று சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து மகளின் கட்டிலருகே உட்கார்ந்து நெற்றியில் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மணி இரண்டு ஐம்பது. அவர் எழவில்லை.

எழுந்திருக்கத்தான் முடியுமா? குழந்தை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்று.

"இன்னிக்கு மட்டும்டா" என்று சுவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "புள்ளைக்கு உடம்பு சரியில்லை. இது பொய் இல்லை. நீயே வந்து பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் போனது. ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிஷம். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். காய்ச்சல் பார்க்கலாம் என்று தெர்மாமீட்டரை உதறினார்.

தைல வாடை வந்தது.

மகள் கண்ணைத் திறந்தாள். "அப்பா..."

"என்னடா கண்ணு?"

"மேல என்னமோ கனமா இருக்கு."

போர்வையைப் பார்த்தார். மகளின் மார்புக்குக் குறுக்கே, கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, போர்வை ஒரே நேர்கோடாக அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"அப்பா, மூச்சு..."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கட்டிலின் தலைமாட்டுக்குப் பாய்ந்தார். குனிந்து, ஒன்றுமில்லாத காற்றில் இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கையில் சில்லென்று இரும்பு பட்டது. சொரசொரப்பான, பழகிப்போன பிடி.

இரண்டு மாசமாகத் தினமும் செய்த வேலை. காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, இழுத்தார். போர்வையின் கோடு மெல்ல மறைந்தது. குழந்தை இருமி, ஒரு முழு மூச்சு இழுத்தது. அடுத்ததையும் இழுத்தது.

"ஓடுடா கண்ணு. எந்திரிச்சு வெளியில ஓடு."

"கால்ல பலமே இல்லப்பா" என்றது குழந்தை. கண் தானாக மூடியது.

எண்பது கிலோவைப் பிடித்தபடி அவர் நின்றார். ஒரு அடி பின்னால் வைக்கப் பார்த்தார். கம்பி மகளுக்கு மேலிருந்து நகர மறுத்தது. கை ஆடத் தொடங்கியது. இறக்கி வைக்க வேண்டும். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

அந்த அறையில் ஸ்டாண்ட் இல்லை.