நொண்டி ராணியின் நேர்நடை

அன்று காலை நிதானத்தின் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கதவு கண்டிக்கப்பட்டது. மூன்றாவது கண்டிப்பில் தாழ்ப்பாள் தானே கழன்று வழிவிட்டதாக அவருடைய மச்சான் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

நிதானம் என்பது அவர் பெயரல்ல, குணம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பது தொழில். ஒருமுறை சட்டையில் தீப்பற்றியபோது, அணைப்பதற்கு முன் எந்தக் கையில் ஆரம்பித்தது என்று விசாரித்தவர். மனைவியின் தம்பியான மச்சான் இதற்கு நேர்மாறு. ஒரே வழக்கில் நாலைந்து குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுப்பார். அதில் ஒருவர் பெரும்பாலும் புகார் கொடுத்தவராகவே இருப்பார்.

உள்ளே வந்த பெண் உட்காரவில்லை. நாற்காலிதான் பயந்து கொஞ்சம் பின்வாங்கியது.

"என் வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்றாங்க" என்றாள். "அவர் திமிர் பிடிச்சவர். வாய்க் கொழுப்பு. சொந்தத் தம்பி கல்யாணத்துல மேஜைக்கால் கோணல்னு சண்டை போட்டவர். எல்லாத்தையும் நானே ஒத்துக்கறேன். ஆனா திருடன் இல்ல."

அவள் கணவர் ஊரில் கோல் வைத்தியர் என்று பெயர் எடுத்தவர். பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்தைக் குழிக்குள் தள்ளும் பழைய கோல்களைப் பழுது பார்ப்பதில் அவருக்கு இணை அவரே என்று அவரே சொல்வார். பில்லியர்ட்ஸ் கூடத்தின் பின்னறைதான் அவர் பட்டறை. கூடத்துக்குத் தலைவர் டைல்ஸ் கடை முதலாளி. தரை ராஜா என்று கூப்பிடுவார்கள், அவருக்கும் அது பிடிக்கும்.

தரை ராஜாவிடம் ஒரு கோல் இருந்தது. எப்போதோ செத்துப்போன, கோல் கடைவதில் பெரிய கைக்காரர் ஒருவர் செய்தது. கறுத்த மரத்தில் நாலு வெளிர் ஈட்டி முனைகள் பதித்த அடிப்பாதி. அதில் திருகி மாட்டும் மெல்லிய மேல்பாதி. அடிப்பாதியில் மயிரளவு வளைவு உண்டு. மேஜையில் உருட்டினால் இடுப்பை ஆட்டிக்கொண்டு போகும். அதனால் நொண்டி ராணி என்று பெயர். நொண்டினாலும் அவள் அடித்த பந்து குழியைத் தேடிப் போய் விழுமாம்; குழி இல்லாத இடத்தில்கூட விழுந்திருக்கிறது என்று சொல்லும் மூத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் பந்தை அடிக்கும் முனையில் ஒட்டியிருக்கும் நுனித்தோலை மாற்றச் சொல்லி, ராணியைப் பெட்டியோடு கோல் வைத்தியரிடம் கொடுத்தார் தரை ராஜா. விழா அன்று வாங்கி, வருஷா வருஷம் செய்வது போல, எல்லார் முன்னாலும் மேஜையில் உருட்டினார். ராணி நொண்டவில்லை. வகுப்புக்குப் போகும் நல்ல பிள்ளை மாதிரி நேராகப் போய் மேஜை விளிம்பில் நின்றாள்.

தரை ராஜா வைத்தியரின் சட்டைக் காலரைப் பிடித்து, ராணியை விற்றுவிட்டுப் போலியைக் கொடுக்கிறாயா என்று உலுக்கினார். பின்னறைக்குத் தன் கையாலேயே பூட்டுப் போட்டார். அவள் வந்த அன்று மாலை கமிட்டி கூடி வைத்தியரை வெளியேற்றப் போகிறது.

"திருடன்னு பேர் வாங்கினவர்கிட்ட யார் கோலைக் கொடுப்பாங்க?" என்றாள் அவள். "பட்டறை போச்சுன்னா அவர் வேற எந்த வேலைக்கும் லாயக்கு இல்ல. எங்க வீட்டு நாற்காலிய ரிப்பேர் பண்ணச் சொன்னா, அது பழசு இல்ல, அதுக்கு மரியாதை கிடையாதுங்கறார்."

"நீங்க அவரை நம்பறீங்க" என்றார் நிதானம்.

"நம்பிக்கை இருக்கட்டும் சார். எனக்குக் கோபம். என் புருஷன் சட்டையைப் பிடிக்க இன்னொருத்தன் யாரு?"

கூடத்துக்குப் போகிற வழியிலேயே மச்சான் இரண்டு குற்றவாளிகளைக் கண்டுபிடித்துவிட்டார். நிதானம் இரண்டு பேரையும் விடுதலை செய்தார்.

தரை ராஜா நடுக்கூடத்தில் கண்ணாடி அலமாரியின் பக்கத்தில் நின்றிருந்தார். பேச்சும் தரையில் கல் பதிப்பது போலவே இருக்கும், ஒவ்வொரு சொல்லும் தட்டித் தட்டி. ராணியை வாங்கிய நாளிலிருந்து தன் கண் முன்னால் அல்லாமல் இன்னொரு கை அவள் மேல் பட்டதில்லை என்றார். வெளியூர்ப் போட்டிகளுக்குக்கூடத் தன் மடியில் வைத்துத்தான் கொண்டுபோவாராம். அந்த வைத்தியன் கை பட்டதே அந்த ஒரு வாரம்தான், அதற்குள் இப்படி.

வெளியூர் என்றதும் கூடத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தலையாட்டினார்கள். அந்தக் கதை எல்லாருக்கும் மனப்பாடம். போன ஆண்டுவிழா முடிந்த கையோடு தரை ராஜா வெளியூரில் ஒருவரோடு ராணியைப் பந்தயம் வைத்து ஆடித் தோற்றார். ஜெயித்தவர் ராணியைக் கையில் வாங்கினார், தடவினார், கண்கலங்கினார். ராணி இருக்க வேண்டியது அவள் அரண்மனையில்தான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த இடம் வரும்போது தரை ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"நல்ல மனுஷன்" என்றார் நிதானம். அவ்வளவுதான்.

பிறகு மேஜையில் கிடந்த நேர்நடைக்காரியை எடுத்தார். ராணிக்கென்று அலமாரிக்குள் செதுக்கியிருந்த மரப் படுக்கையில் வைத்தார். அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்தது. ஒரு தாள் நுழைய இடமில்லை. ராணியின் நாலு ஈட்டி முனைகளும் நாலு நீளம் என்பது அந்தக் கூடத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவளுக்கும் அதே நாலு நீளம்.

"செஞ்சவன் பெரிய கைதான்" என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வேண்டாவெறுப்பாகச் சொன்னது. கோல் வைத்தியர். தன்னைக் கூடத்தை விட்டுத் துரத்தப் போகும் பொருளைக்கூட அவரால் மட்டமாகப் பேச முடியவில்லை.

உங்களிடம் ஒரு வாரம் இருந்ததே, இதைப் பார்த்ததும் தெரியவில்லையா என்று நிதானம் கேட்டார். வைத்தியருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"நுனித்தோல் மேல்பாதியில இருக்கு. மேல்பாதியத்தான் லேத்ல மாட்டுவேன். அடிப்பாதி பெட்டிக்குள்ளயே தூங்கும். பல்லு பிடுங்கறவர் செருப்பைக் கழட்டச் சொல்வாரா?"

கூடம் சிரித்தது. அதை யாரும் நம்பவில்லை என்பதும் அந்தச் சிரிப்பில் இருந்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்காமல், சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

பட்டறை பூட்டியிருந்ததால் சந்துப் பக்கம் போய் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. உள்ளே லேத் துணி போர்த்திக் கிடந்தது. உத்தரத்திலிருந்து பாதி கடைந்த மரத்தண்டுகள் வௌவால் கூட்டம் மாதிரி தொங்கின. வைத்தியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். ஜன்னலைத் திறந்துவைக்கவில்லை, காற்று ஓடவில்லை, பாவிகள் மரத்தைப் புழுங்கவைத்துக் கொல்கிறார்கள் என்றார். தன்னைத் திருடன் என்றதைவிட இதுதான் அவரை அதிகமாக எரித்தது.

ஏன் தொங்குகின்றன என்று மச்சான் கேட்டார்.

"ஒரே மூச்சுல கடைஞ்சா மரம் கோவிச்சுக்கும். கொஞ்சம் கடையணும், தொங்க விடணும். அது முறுக்கிக்கும், திரும்பும், சமாதானமாகும். மறுபடி கொஞ்சம். ஒரு அடிப்பாதிக்கு ஒரு வருஷமாவது ஆகும். அவசரப்பட்டுக் கடைஞ்சவன் கோல் மறு வாரமே வாழைப்பழம்."

மச்சான் அத்தானின் காதருகில் போய், ஒருவேளை அசல் ராணிக்கே வளைவு தானாகச் சரியாகியிருக்குமோ என்று முணுமுணுத்தார். அது வைத்தியர் காதிலும் விழுந்தது. காய்ந்து இறுகிய மரம் தானாக நிமிர்ந்தால் தானும் நாளைக் காலை இருபது வயதில் எழுந்திருப்பேன் என்றார் அவர்.

நிதானம் வெகுநேரம் அந்தத் தண்டுகளைப் பார்த்தார். சந்தில் போன ஒரு நாய் அவரை மரமென்று நினைத்து நெருங்கி வந்து, கடைசி நொடியில் மனம் மாறிப் போனது.

மாலையில் கமிட்டி கூடியது. தரை ராஜா எழுந்து பேசத் தொடங்குமுன், ஒரு நிமிஷம் என்றார் நிதானம். அவருடைய நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரியாததால் எல்லாரும் சரி என்றார்கள்.

அவர் நேர்நடைக்காரியை மேஜையில் ஒருமுறை உருட்டிக் காட்டினார். நூல் பிடித்தது போல் போனாள்.

"இது போலி. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. முதலாளி சொன்னதுல அது சத்தியம்" என்றார். "ஆனா எவ்வளவு நேரா போகுது பாருங்க. ஒரு வாரத்துல அவசரமா கடைஞ்ச மரம் இப்படிப் போகாது. இது வருஷக்கணக்கா தொங்கி, சமாதானமான மரம். வைத்தியர் கைக்கு ராணி வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே இது செஞ்சு முடிச்சாச்சு."

கமிட்டியில் கொஞ்சம் சலசலப்பு. தரை ராஜா அசையவில்லை. அந்தத் திருட்டுப்பயல் முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கலாம் என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தே அளவெடுத்திருக்கலாம்.

"கண்ணால பாத்து நாலு முனை நீளத்தையும் கொண்டுவரலாம். பருமன் வராது. அந்தப் படுக்கையில இவ்வளவு கச்சிதமா உக்காரணும்னா, செஞ்சவர் அசலைக் கையில வெச்சு அளந்திருக்கணும். உங்க கண் முன்னால இல்லாம வேற யார் கையும் படலைன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்படின்னா அசலைக் கொண்டுபோய்க் கொடுத்துப் போலி செய்யச் சொன்னது யாரு?"

தரை ராஜாவின் முகம் அவர் கடையில் உள்ள எல்லா நிறங்களையும் வரிசையாகக் காட்டியது.

மச்சான் தாங்க முடியாமல் எழுந்துவிட்டார். இவரே அசலை விற்றுவிட்டு வைத்தியர் மேல் பழி போடுகிறார் என்று விரலை நீட்டினார். நிதானம் அந்த விரலை மெதுவாகப் பிடித்து மடக்கினார்.

"இல்ல மச்சான். தெரிஞ்சு வித்தவர் ஊரைக் கூட்டி உருட்டிக் காட்டுவாரா? அன்னிக்கு அவருக்கு வந்த கோபம் நிஜம். முகவரிதான் தப்பு. மேஜையில உருண்டப்பதான் அவருக்கே தெரிஞ்சிருக்கு, தன்கிட்ட இருக்கறது போலின்னு. அதாவது ரெண்டும் இவர்கிட்ட இருந்தது. ஒண்ணை, போலின்னு நினைச்சு யாருக்கோ கொடுத்திருக்கார்."

நிதானம் கமிட்டிப் பக்கம் திரும்பினார்.

"போன ஆண்டுவிழாவுல ராணி நொண்டினதை எல்லாரும் பாத்தீங்க. அதுக்கப்புறம்தான் அந்த வெளியூர்ப் பந்தயம். பந்தயத்துல ஜெயிச்ச கோலைத் திருப்பிக் கொடுக்கற ஆட்டக்காரரை உங்கள்ல யாராவது பாத்திருக்கீங்களா?"

பார்த்தவர் யாருமில்லை. நாற்பது வருஷம் ஆடிய ஒருவர், தான் ஜெயித்த, கோல்முனையில் தேய்க்கும் சாக்குக்கட்டியைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை என்றார்.

"அந்த நல்ல மனுஷனுக்கு இப்பவே போன் போடுவோம்" என்றார் நிதானம். "அவர்கிட்ட இருக்கற கோலை மேஜையில உருட்டிப் பாக்கச் சொல்வோம். நொண்டுதான்னு கேப்போம்."

"போன் வேண்டாம்" என்றார் தரை ராஜா.

அதற்கப்புறம் எல்லாம் தானாக வந்தது. அசலால் ஆடுவது, தோற்றால் போலியைக் கொடுப்பது என்பதுதான் அவர் கணக்கு. அதற்காகவே எங்கோ ஒரு கைக்காரரிடம் இரட்டையைச் செய்து வாங்கினார். அடையாளம் ஏதாவது வைத்தால் எதிராளி கண்டுபிடித்துவிடுவான் என்று எதுவும் வைக்கவில்லை. எதிராளி முன்னால் உருட்டிப் பார்க்கவும் முடியாது. தோற்ற பதற்றத்தில், ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டில், கையில் வந்ததைக் கொடுத்தார். ஒரு வருஷம் போலிக்குக் கண்ணாடி துடைத்தார். திரும்பக் கேட்கப் போனால், உன்னை ஏமாற்றத்தான் வந்தேன், தவறிப்போய் நேர்மையாக நடந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வைத்தியரின் மனைவி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உருண்டு போன உடனேயே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். குரல் உயரவில்லை. "தெரிஞ்சுதான் அவர் சட்டையைப் பிடிச்சீங்க. பக்கத்துல நின்னார், வாயாடி, யாருக்கும் பிடிக்காதவர். வசதியா இருந்தது. இல்ல?"

தரை ராஜா மேஜை விளிம்பில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"அன்னிக்கு எவ்வளவு சத்தமா திருடன்னு சொன்னீங்களோ, அதே சத்தத்துல இல்லன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றாள். மூன்றாவது முறை சொன்னது தெருமுனைப் பேருந்து நிறுத்தம் வரை கேட்டது. இறங்க வேண்டாதவர்கள் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள்.

அடுத்து, பூட்டு. தரை ராஜா சாவிக்கொத்தை எடுத்தார். கடை, கிடங்கு, வீடு, கூடம் என்று பரங்கிக்காய் அளவுக்கு ஒரு கொத்து. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்து திரும்பவில்லை. ஒரு உறுப்பினர் உதவிக்குக் கை நீட்டினார்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் அவள். "பூட்டினவரே திறக்கட்டும்."

கூடம் முழுவதும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். வேர்வை மூக்குநுனியில் இறங்கிச் சொட்டியது. கடைசியில் பூட்டு திறந்தபோது வைத்தியர் எல்லாரையும் இடித்துக்கொண்டு உள்ளே ஓடி ஜன்னல்களைத் திறந்தார். தொங்கிய தண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்து, கமிட்டி உறுப்பினர்களின் பரம்பரையைப் பற்றிச் சில அபிப்பிராயங்களை உரக்கச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

அவர் மனைவி வாசலிலேயே நின்றாள். இப்போதாவது மனசு ஆறியதா என்று மச்சான் ஆசையாகக் கேட்டார்.

"இல்ல" என்றாள்.

"ஆற வேண்டாம்" என்றார் நிதானம். "கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்."

அவள் முதல்முறையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டறை வாசலுக்குக் குறுக்கே, கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.